இடைவேளைச் சிலைடும் நினைவிலக்கியமும்

முதுமையுற்ற ஒருவர் தம் இளமையை எண்ணி இரங்கும் பாட்டொன்று புறநானூற்றில் 243ஆம் பாட்டாக அமைந்துள்ளது. பாடியவரின் இயற்பெயர் மறைந்து, அப்பாட்டில் வரும் ஊன்றுகோலே பெயராகித் தொடித்தலை விழுத்தண்டினார் என நின்றுவிட்டது. பாவைக்குப் பூச்சூட்டிப் பொய்கையாடும் மகளிரொடு கைகோத்து ஆடியதும், நீரின்மேல் தாழ்ந்த மருதமரக் கிளையேறிக் குதித்து ஆழத்து மணலை அள்ளி வந்ததும் அவர் நினைவில் எழுகின்றன. இப்பாட்டைப் பயிற்றும்போதெல்லாம் மாணவர்க்கு ஒன்றைச் சுட்டுவது என் வழக்கம். அம்முதியவர் நினைப்பன யாவும் அவர் செய்தவை. பிறர் காட்டக் கண்டவை அல்ல. விலை கொடுத்துப் பெற்றவையும் அல்ல.

இன்று நம்மிடையே பெருகிவரும் நினைவெழுத்து ஒருவகை இதனின் வேறுபட்டது. திரையரங்கின் இடைவேளையில் காட்டப்பெற்ற பற்பொடி விளம்பரத்தையும் பாக்கு விளம்பரத்தையும் சலவைத்தூள் விளம்பரத்தையும் நினைந்து ஏங்கும் கட்டுரைகளை இதழ்களிலும் மலர்களிலும் காண்கிறோம். வணிகர் ஒருவர் தம் சரக்கு விலைபோதற் பொருட்டுக் காட்டிய படத்தை, அச்சரக்கை வாங்காமலே போன ஒருவர் நாற்பது ஆண்டு கழித்து நெஞ்சுருகி நினைப்பது எவ்வகை நினைவு? விழுத்தண்டினாரின் இரக்கத்தோடு இதனை ஒருங்கு வைத்து எண்ணல் தகுமா? தகாது என ஒதுக்குவார் பலர். யானும் நெடுங்காலம் அவ்வாறே கருதியிருந்தேன். அக்கருத்தை ஒருவாறு மாற்றிக்கொண்டமைக்குக் காரணம் கூறுவதும், அவ்வெழுத்துக்களிடத்து இன்னும் எஞ்சி நிற்கும் என் குறையைக் கூறுவதும் இக்கட்டுரையின் நோக்கம்.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எண்வகை மெய்ப்பாடுகளைக் கூறியபின், அவற்றின் வேறாக எண்ணும் முப்பத்திரண்டனுள் நினைதலும் உண்டு, கருதலும் உண்டு. இரண்டும் ஒன்றாயின் இருமுறை எண்ணியிரார். இடைவேளை பற்றிய நம் எழுத்துக்கள் நினைதலோடு அமைகின்றன, கருதலுக்குச் செல்லவில்லை. என் குறை அதுவே.

சொல்லைப் பற்றி ஒரு குறிப்பு. கண்ணாடியில் எழுதித் திரையில் ஒளிவழிக் காட்டிய விளம்பரத்தை மக்கள் சிலைடு என்றே வழங்கினர். படவில்லை என்றொரு சொல்லைக் கலைச்சொல்லாளர் ஆக்கியுள்ளனர். சொல் நன்றே. ஆயின் அதனைக் கூறி எந்த ஊரிலேனும் ஓய்வுபெற்ற ஆபரேட்டர் ஒருவரிடம் செய்தி கேட்க முயன்றால், அவர் நம்மை மருந்துக்கடைக்கு வழிகாட்டி அனுப்பிவிடுவார். ஆதலின் மக்கள் வழக்கையே கொண்டேன்.

யான் பிறந்து வளர்ந்தது திருப்பூர். பனியன் தொழில் கால்கொண்டபின் அவ்வூருக்குச் சனிக்கிழமையே நாள்களில் தலையாயது. அன்றுதான் வாரச் சம்பளம். 1980களின் பிற்பகுதியில் சனிக்கிழமை இரவு இரண்டாம் ஆட்டத்திற்குத் தந்தையாரோடு செல்வேன். அவர் பனியன் கம்பெனி ஒன்றில் கட்டிங் வேலை பார்த்தவர். அரங்கின் முன்வரிசைகளில் அமர்ந்திருப்போர் மேல் துணிப்பஞ்சு ஒட்டியிருக்கும். பலர் ஒன்றரை ஷிப்ட் முடித்து, குளித்தும் குளியாமலும் வந்தவர். படம் தொடங்கிய சிறிது நேரத்தில் சிலர் உறங்கிவிடுவர். இடைவேளை விளக்கு எரிந்ததும் விழிப்பர். அப்பொழுது திரையில் சிலைடு ஓடும். நகைக்கடை, ஜவுளிக்கடை, சைக்கிள் கடை, ஒட்டுப்பல் கட்டும் மருத்துவர், தையல் இயந்திரம் பழுதுபார்ப்போர் என ஊரின் கடைத்தெரு முழுவதும் சதுரம் சதுரமாக வந்து மறையும். இடையே ‘சிங்கர் டெய்லர், கைமடி ஆட்கள் தேவை’ என ஒன்று வரும். உறங்கி விழித்த டெய்லர் ஒருவர் அதனைப் பார்த்து, “இங்கயும் விடமாட்டாங்க போல” என்றார். சுற்றியிருந்தோர் நகைத்தனர். என் நினைவில் நிற்கும் இடைவேளை அந்நகைப்பே. எந்தச் சலவைத்தூளும் அன்று.

இடைவேளை எவ்வாறு தோன்றிற்று என்பதை எண்ணுதல் வேண்டும். கோவை வட்டாரத்துத் திரைப்பட வரலாறு பழையது. 1905இல் படக்காட்சியை ஊர் ஊராகக் கொண்டு சென்ற சாமிக்கண்ணு வின்சென்ட் 1914இல் கோவையில் வெரைட்டி ஹால் என்னும் அரங்கை அமைத்தார். பின்னர்ச் சிற்றூர்களில் பெருகிய கீற்றுக் கொட்டகைகள் பலவற்றில் புரொஜக்டர் ஒன்றுதான் இருந்தது. ஆயிரம் அடிச் சுருள் ஒன்று ஏறத்தாழ 11 நிமிடத்தில் ஓடி முடியும். ஒற்றைக் கருவி கொண்ட கொட்டகையில் சுருள் மாற்றுவதற்காக ஆட்டத்தைப் பலமுறை நிறுத்தியாக வேண்டும். ஒரு படத்திற்கு மூன்று இடைவேளை, நான்கு இடைவேளை என்பது இக்குறையால் வந்தது. அவ்வெற்றுத் திரையை வணிகர் வாடகைக்குக் கொண்டனர். கலையின் தேவையால் எழுந்ததன்று இடைவேளை. கருவியின் குறையால் எழுந்து, முறுக்கு விற்பாராலும் சிலைடு காட்டுவாராலும் நிலைபெற்றது. நாடகமேடையிலிருந்து வந்த வழக்கே இது என்பாரும் உளர். பெரு நகர் அரங்குகட்கு அது பொருந்தலாம். கீற்றுக் கொட்டகைக்குப் பொருந்தாது.

பிறநாட்டு வழக்கோடு ஒப்பிடின் நம் சிலைடின் தனித்தன்மை விளங்கும். அமெரிக்காவில் 1933இல் நியூ ஜெர்சி மாநிலத்துக் கேம்டன் நகரருகே, காரில் அமர்ந்தபடியே படம் காணும் திறந்தவெளி அரங்கு முதன்முதல் தோன்றிற்று. 1950களின் இறுதியில் அத்தகைய அரங்குகள் ஏறத்தாழ நாலாயிரம் இருந்தன. (நம் நாட்டில் அம்முறை வேரூன்றவில்லை, அகமதாபாத்தில் 1973இல் தொடங்கிய சன்செட் அரங்கும், சென்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் அமைந்த பிரார்த்தனா அரங்கும் போல்வன சிலவே.) அவ்வரங்குகளின் இடைவேளைக் குறும்படங்களை இன்று அந்நாட்டார் பெரிதும் விரும்பித் திரட்டுகின்றனர். உணவுப் பண்டங்கள் கைகால் பெற்று நடந்து, ‘வாருங்கள், முன்கூடத்திற்குப் போவோம்’ எனப் பாடும் கேலிச்சித்திரப் படம் அவற்றுள் பெயர் பெற்றது. பில்மாக் நிறுவனம் ஆக்கியது; ஆண்டு 1957 எனக் குறிப்பர். அந்நாட்டுத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில், காத்தற்குரிய படங்களுள் ஒன்றாக, 2000ஆம் ஆண்டில் அதனைச் சேர்த்தனர்.

ஈண்டு ஒரு வேறுபாடு நோக்கத்தக்கது. அவ்வமெரிக்கப் படம் விற்றது அரங்கின் சொந்தப் பண்டத்தை. அது படிகள் பல எடுக்கப்பெற்று எல்லா ஊர்க்கும் சென்றது. ஓர் ஊரில் காணப்பட்டதே பிற ஊர்களிலும் காணப்பட்டது. பல படிகள் இருந்தமையால் ஒன்றேனும் எஞ்சிற்று. நம் சிலைடோ ஓர் ஊர்க்கு மட்டும் உரியது. திருப்பூரின் சிலைடு அவிநாசிக்குப் பயன்படாது. ஏறத்தாழ மூன்றேகால் அங்குலச் சதுரக் கண்ணாடியில் ஒரே படியாக எழுதப்பெற்றது, உடைந்தால் போயிற்று. வணிகர் வாடகையை நிறுத்தினால் அதே கண்ணாடியைக் கழுவி வேறொருவர் விளம்பரத்தை எழுதினர். அழித்தெழுதுதலே அதன் இயல்பாக இருந்தது.

இவ்வுண்மையை நம் நினைவெழுத்தாளர் கருதவில்லை. அவர்தம் கட்டுரைகள் மீண்டும் மீண்டும் நாடறிந்த சில விளம்பரப் படங்களையே சுற்றி வருகின்றன. மதுரையில் வளர்ந்தவரும் திருப்பூரில் வளர்ந்தவரும் மும்பையில் வளர்ந்தவரும் ஒரே நிர்மாவையும் ஒரே விக்கோவையும் நினைவுகூர்கின்றனர். அவ்விளம்பரங்கள் நன்கு நினைவில் பதிந்தமையே காரணம் என்பர். யான் அவ்வாறு கருதவில்லை. அவை படச்சுருளிலும் பின்னர்த் தொலைக்காட்சியிலும் பல்லாயிரம் முறை ஓடியவை. இன்றும் கைப்பேசியில் தேடினால் கிடைப்பவை. கிடைப்பதைக் கண்டு, ‘இதுவே என் இளமை’ என்கிறோம். எஞ்சியது எதுவோ அதனை நோக்கி நினைவு வளைகின்றது. தெருமுனைச் சைக்கிள் கடையின் சிலைடைத் தேடிக் காண இயலாமையால் அதனை மறந்தோம், மறந்ததையும் மறந்தோம். ஊர்ப்பெயரை நீக்கிவிட்டால் எவ்வூர்க்கும் பொருந்தும் கட்டுரையை ஒருவர் தம் ஊர் நினைவு எனத் தருவாராயின், அது நினைவிலக்கியத்தில் குறையே.

இனிச் சிலைடின் மொழியைக் காண்போம். இலக்கிய மாணவர்க்கு இதனினும் சுவையான பகுதி வேறில்லை. சிலைடு ஒன்று சில வினாடியே திரையில் நிற்கும். அதற்குள் பெயர், பொருள், இடம் மூன்றும் உணர்த்தப்படல் வேண்டும். ஆதலின் வினைமுற்று பெரும்பாலும் உதிர்ந்துவிடும். எஞ்சுவது பெயர்ச்சொற்களின் அடுக்கு. வினை வருமிடத்து ‘நாடுங்கள்’, ‘விஜயம் செய்யுங்கள்’ என ஏவலாக வரும். முன்னது தமிழ், பின்னது வடமொழி. கடையின் தகுதிக்கேற்ப எழுதுவோர் தெரிந்தெடுத்தனர் போலும். நகைக்கடைக்கு விஜயம் செய்யச் சொன்னவர் எவரும் மாவு மில்லுக்கு விஜயம் செய்யச் சொல்லி யான் கண்டதில்லை. இடம் கூறும் முறையோ முற்றிலும் ஊரறிந்தார்க்கே உரியது: பஸ் நிலையம் எதிரில், கோயில் பின்புறம், ரயில்வே கேட் அருகில். கதவெண் இராது. இவ்வழிகூறல் முறையால் திரையரங்குகளே பின்னர் வழியடையாளமாயின. திருப்பூரில் யுனிவர்சல் தியேட்டர் சாலை என முகவரியில் எழுதுகின்றனர். உஷா தியேட்டர் நிறுத்தம் எனக் கூறிப் பேருந்தில் இறங்குகின்றனர்.

வழிகூறல் என்றவுடன் ஆற்றுப்படை நினைவிற்கு வருதல் இயல்பே. பத்துப்பாட்டினுள் ஐந்து ஆற்றுப்படைகள் உள. சிலைடை இக்கால ஆற்றுப்படை எனக் கூறிவிடலாமா? எளிதில் கூறக்கூடாது. ஆற்றுப்படையின் உயிர், கூறுவோன் தான் பெற்றவன் என்பதில் உள்ளது. பரிசில் பெற்று மீளும் பாணன் ஒருவன், வறுமையோடு எதிர்வரும் பாணனைக் கண்டு, தான் பெற்ற வளத்தைக் கூறி, அவனும் சென்று பெறுமாறு வழிப்படுத்துவான். வள்ளலே வழியில் நின்று தன்பால் வருக என அழைத்தால் அஃது ஆற்றுப்படை ஆகாது. சிலைடில் அழைப்பவர் கடைக்காரர். அவ்வகையில் அதற்கு நெருங்கிய முன்னோடி ஆற்றுப்படையன்று. பட்டினப்பாலையும் மதுரைக்காஞ்சியும் கூறும் அங்காடிக் கொடிகளே. கள் விற்கும் மனையில் எடுத்த கொடி, இங்கு இப்பொருள் உண்டு என்பதைக் கூறி நின்றுவிடும். தான் பெற்றதாக எதுவும் கூறாது.

ஆயினும் ஆற்றுப்படைத் தன்மை இடைவேளையில் அறவே இல்லை என்பதற்கில்லை. அது திரையில் இல்லை, இருக்கையில் இருந்தது. சிலைடு ஓடும்போது அமர்ந்திருப்போர் பேசிக்கொள்வர். “அந்தக் கடையில எடுக்காதீங்க அண்ணா, சாயம் போகுது” என்பார் ஒருவர். “அங்க நான் மூணு தவணையில கட்டினேன், ஒண்ணும் சொல்லல” என்பார் மற்றொருவர். பெற்றவன் பெறாதவனுக்குக் கூறும் கூற்று இதுதானே? கடைக்காரர் காசு கொடுத்துக் காட்டிய கொடியின்மேல், காசு பெறாத பார்வையாளர் ஆற்றுப்படை உரைத்தனர்; சிலபோது எதிர்மறை ஆற்றுப்படையும் உரைத்தனர். விளம்பரத்தை மட்டும் நினைந்து இவ்வுரையாடலை மறக்கும் கட்டுரைகள் மூலத்தை வைத்துக்கொண்டு உரையை எரித்தவை ஆகின்றன.

தொடர் ஒன்றைத் தனியே சுட்டல் வேண்டும். ‘எங்களுக்கு வேறெங்கும் கிளைகள் இல்லை’ என்பது அந்நாளைய விளம்பரங்களில் பயின்று வந்த தொடர். போலிக் கடைகளினின்று காத்துக்கொள்ளவே அது தோன்றிற்று. ஆயின் அதன் தொனி எச்சரிக்கையோடு நிற்கவில்லை, பெருமிதமாகவும் வளர்ந்தது. ஓரிடத்தில் நிற்பதே நம்பிக்கைக்குச் சான்று என அக்கால வணிகர் கருதினர். இன்று கிளைகளின் எண்ணிக்கையே பெருமை. 1983இல் திருப்பூரில் தொடங்கிய ராம்ராஜ் காட்டன் போன்ற நிறுவனங்கள் பல மாநிலங்களில் கடை விரித்துள்ளன. அவற்றின் விளம்பரத்தில் திரைநடிகர் தோன்றுகின்றனர். இது குறையென யான் கூறவில்லை. ஒரு தொடர் பெருமை கூறும் ஆற்றலை எவ்வாறு இழக்கிறது என்பதைச் சொற்பொருள் மாற்றம் ஆராய்வோர் குறித்துக்கொள்ளலாம்.

திருப்பூரின் இடைவேளைக்கு மற்றோர் இயல்பு உண்டு. பிற ஊர்களில் பனியன் விளம்பரத்தைக் கண்டவர் வாங்குவோர் மட்டுமே. திருப்பூரில் அதனைத் தைத்தவரே அதனைக் கண்டார். பூமெக்ஸ், வைகிங் எனப் பெயர்கள் திரையில் ஒளிர்ந்தபோது, மடிப்பு இப்படித்தான் வரவேண்டும் எனவும் கழுத்துப்பட்டி தளர்ந்துள்ளது எனவும் முன்வரிசையினர் குற்றம் கண்டனர். செய்தவர்க்கே செய்பொருளைக் காட்டும் இவ்வரிய நிலை ஏற்றுமதி பெருகியபின் மாறிற்று. 1970களின் இறுதி முதல் அயல்நாட்டு வணிகர் வந்தனர். 1990இல் ஏற்றுமதியாளர் சங்கம் அமைந்தது. இன்று ஊரில் தைக்கப்படும் ஆடைகளின் விளம்பரம் பெரும்பகுதி தைத்தவர் காணாத நாடுகளில் ஓடுகின்றது.

1984இல் பஞ்சப்படி கோரித் திருப்பூர்ப் பனியன் தொழிலாளர் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தனர். வாரச் சம்பளம் நின்ற ஊரில் அந்நாள்களின் சிலைடுகள் மட்டும் எஞ்சியிருப்பின், எவ்வணிகர் விளம்பரத்தை நிறுத்தினார், எவர் கடனுக்குத் தருவதாக எழுதினார், எவர் ஒன்றும் நிகழாதது போல் பட்டுப்புடவை காட்டினார் என்பவற்றைப் படித்திருக்கலாம். சிலைடு ஏக்கத்திற்குரிய பொருள் மட்டுமன்று. சான்று என்பதற்கு இதனினும் வேறு கூறவேண்டா.

இடைவேளையை உரிய முறையில் கண்ட தமிழ் நூல் ஒன்று உண்டு. பெருமாள்முருகனின் ‘நிழல் முற்றம்’ 1993இல் வெளிவந்த புதினம். கொங்குநாட்டுச் சிறுநகர்த் திரையரங்கில் சோடா விற்கும் இளைஞரின் வாழ்வைக் கூறுவது. பார்வையாளர்க்கு ஓய்வாகிய இடைவேளை அவ்விளைஞர்க்கு நாளின் கடும் வேலைநேரம். விளக்கு எரிந்ததும் ஓடவேண்டும். விளக்கு அணைவதற்குள் காலிப் புட்டிகளைத் திரட்டவேண்டும். இப்புதினத்தில் ஏக்கம் இல்லை. சோடா விற்றவர் எவரும் திரையை நோக்கி நின்றிரார். அவர் முதுகுக்குப் பின்னேதான் சிலைடு ஓடியிருக்கும். நினைவுக் கட்டுரையாளர் திரையை நோக்கிய இருக்கையிலிருந்து எழுதுகின்றனர். பெருமாள்முருகன் நடைவழியிலிருந்து எழுதுகின்றார். இரண்டும் ஒரே பத்து நிமிடத்தைப் பற்றியவை. ஒன்றைப் படித்தபின் மற்றொன்றைப் படிப்பவர், முன்னதன் இனிமையில் பாதி பிறர் உழைப்பால் வந்தது என்பதை உணர்வார். இப்புதினத்தை அடித்தள மக்கள் வாழ்வு என்னும் பொதுத்தலைப்பில் அடக்கி முடிப்பது நம் ஆய்வேடுகளின் வழக்கமாகிவிட்டது. இடைவேளை என்னும் காலக்கூறை வைத்து அதன் அமைப்பை ஆராயின் பயன் மிகுதி.

இனி, தொடக்கத்தில் எழுப்பிய வினாவிற்கு வருவோம். கண்டதை நினைப்பது செய்ததை நினைப்பதற்கு ஒப்பாகுமா? எங்கள் தெருவில் கைமடி வேலை செய்த அக்கா ஒருவர் இருந்தார். பள்ளிக்குச் சென்றவரல்லர். ஆனால் எழுத்துக்கூட்டிப் படிப்பார். எங்குக் கற்றீர் என ஒருமுறை வினவினேன். “கொட்டாயிலதான் கண்ணு” என்றார். பெரிய எழுத்து, குறைந்த சொல், வாரந்தோறும் மாறாமல் வருவது, அருகில் இருப்பவர் உரக்கப் படிப்பது. ககரம் கற்றது நகைக்கடையில், பகரம் கற்றது பாத்திரக்கடையில் என அவர் கூறியபோது யான் நகைத்தேன், இன்று நகையேன். அவர் பொய்கையில் மூழ்கி மணல் எடுத்தவரே. அவர் இடைவேளையை நினைந்து இரங்கினால் அது விழுத்தண்டினாரின் இரக்கத்திற்கு எவ்வகையிலும் தாழ்ந்ததன்று. அவர் கட்டுரை எழுதவில்லை என்பதே வேறுபாடு.

2005ஆம் ஆண்டிற்குப் பின் எண்மமுறைப் படக்காட்சி பரவ, சிலைடுக் கருவிகள் அறைமூலைக்குச் சென்றன. இடைவேளை இன்றும் உண்டு; புகையிலைக்கு எதிரான படத்தை இடைவேளைக்குப் பின்னும் காட்டவேண்டும் என 2012 முதல் விதியும் உண்டு. ‘புகை பிடிக்காதீர்’ என்னும் பழைய சிலைடின் வழித்தோன்றல் அது. ஏனைய சிலைடுகட்கு வழித்தோன்றல் இல்லை.

ஓய்வுபெற்ற ஆபரேட்டர் ஒருவரை அண்மையில் கண்டேன். தம்மிடம் ஒரு பெட்டி நிறைய இருந்ததாகவும், கண்ணாடிகளைச் சுரண்டித் துடைத்துச் சாமிப்படங்கட்குச் சட்டமிடப் பயன்படுத்தியதாகவும் கூறினார். விரிசல் விட்டமையால் சட்டத்திற்கு உதவாத ஒன்று மட்டும் எஞ்சியிருந்தது. அதனை எனக்குத் தந்தார். தையல் இயந்திர உதிரிபாகக் கடை ஒன்றின் சிலைடு. ஆண்டு இல்லை. தொலைபேசி எண் ஐந்திலக்கம். கோவை மாவட்டம் எனப் பொறித்துள்ளது. திருப்பூர் தனிமாவட்டம் ஆனது 2009இல். ஐந்திலக்க எண் அதனினும் பல ஆண்டு முற்பட்டது. எழுத்தின் வளைவையும் பழைய ‘லை’ வடிவத்தையும் நோக்கின் எழுதியவர் 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முன் தொழில் பயின்றவர் எனத் தோன்றுகின்றது. அடியில், வண்ணம் சிறிது உதிர்ந்த இடத்தில், முன்பு எழுதி அழித்த வேறொரு கடைப்பெயரின் ஈற்றெழுத்துக்கள் இரண்டு தெரிகின்றன. சாய்ந்த ஒளியில் வைத்துப் பார்த்தால் ‘ர்ஸ்’ எனப் படிக்கலாம். பிரதர்ஸோ டெய்லர்ஸோ, துணியமுடியவில்லை.